இம்பீரியம்: ரோமானியரின் உச்ச அதிகாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்பயர், எம்பரர், இம்பீரியலிசம் எல்லாம் ‘இம்பீரியம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தவை. வரலாறு, சட்டம், அரசியல் அறிவியல் படிப்பவர்கள் இந்தச் சொல்லைப் பார்த்ததும் ‘பேரரசு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ரோமானியரோ பல நூறு ஆண்டுகள் அதை வேறொரு பொருளில்தான் வழங்கினார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், இம்பீரியம் என்பது என்ன?

கட்டளையிடவும், கீழ்ப்படியாதவனைத் தண்டிக்கவும் ரோம் ஒரு மனிதனிடம் ஒப்படைத்த அதிகாரம். படை திரட்டுவது, போர் நடத்துவது, வழக்கு விசாரிப்பது, மக்களவையைக் கூட்டுவது, பிரம்படியும் மரண தண்டனையும் விதிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். அது ஒரு நிலப்பரப்பின் பெயர் அல்ல. கி.மு. 200-ல் ஒரு ரோமானியனிடம் “உங்கள் இம்பீரியம் எங்கே?” என்று கேட்டிருந்தால், அவன் எல்லைகளைச் சொல்லியிருக்க மாட்டான், அந்த ஆண்டின் தலைமை அதிகாரிகளான கான்சல்கள் இருவரையும் கைகாட்டியிருப்பான்.

சொல்லின் வேர் எது?

‘இம்பெராரே’ என்ற வினை. ஏவு, கட்டளையிடு, விதி என்று பொருள். அது ‘இன்’ என்ற முன்னொட்டும் ‘பராரே’ (ஆயத்தம் செய்) என்ற வினையும் சேர்ந்தது. இத்தனை குதிரை வேண்டும், இவ்வளவு தானியம் வேண்டும் என்று படைத்தலைவன் ஒரு நகரத்தின்மீது விதிப்பதற்கும் இதே வினைதான். “நான் கேட்டதை ஆயத்தமாக வை” என்ற தொனி அடியில் இன்னும் ஒலிக்கிறது. ‘இம்பெரேட்டர்’ (கட்டளையிடுபவன்) இதிலிருந்து வந்தது. ஐரோப்பிய இலக்கணங்கள் ‘இம்பெரேட்டிவ்’ என்று அழைப்பதும் இதன் பிள்ளைதான். நம் இலக்கணத்தில் அது ஏவல்.

தமிழில் எந்தச் சொல்லைப் போடலாம்?

‘இறைமை’ என்று போடுகிறார்கள். எனக்கு அது பொருந்துவதாகப் படவில்லை. இறைமை அரசுக்கு உரியது. இம்பீரியமோ ஓர் ஆளுக்கு, ஒரு காலத்துக்குக் கொடுக்கப்பட்டது. ‘பேரரசு’ பிற்காலப் பொருள். ‘ஏகாதிபத்தியம்’ இம்பீரியலிசத்துக்கு நிலைத்துவிட்டது. என் வாக்கு ‘ஆணை’க்கே. இட்ட கட்டளையும் ஆணை, கட்டளையிடும் வலிமையும் ஆணை. அவன் ஆணை செல்லும் நாடு என்கிறோம் அல்லவா? ஆனால் இன்று ‘அரசாணை’ என்றாலே கையெழுத்திட்ட ஒரு தாள் நினைவுக்கு வருவதால், இங்கே இம்பீரியம் என்றே எழுதுகிறேன்.

இந்த அதிகாரம் எப்படித் தோன்றியது?

ரோமானியரின் மரபுக் கதைப்படி முதலில் அது மன்னர்களிடம் இருந்தது. கி.மு. 509-ல் கடைசி மன்னன் தார்க்வினை விரட்டியபோது, அதிகாரத்தை ஒழிக்காமல் இரண்டு பேரிடம் ஓராண்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். அவர்களே பின்னாளில் கான்சல்கள் எனப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய அரசுச் சட்டத்தைத் தொகுத்த ஜெர்மானிய அறிஞர் தியோடர் மொம்சன் இந்தக் கதையை ஒட்டியே தன் கோட்பாட்டைக் கட்டினார்: மன்னனின் முழு அதிகாரமும் அப்படியே கான்சலுக்கு வந்தது, பிற்பாடு ஒவ்வொரு கட்டுப்பாடாகச் சேர்ந்தது. இன்றைய ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதை ஏற்பதில்லை. தொடக்கத்தில் இம்பீரியம் வெறும் படைத்தலைமைதான், நகர ஆட்சியோடு அது பின்னால் பிணைக்கப்பட்டது என்பது அவர்கள் வாதம்.

இந்த அதிகாரத்தின் சின்னங்களான பிரம்புக் கட்டும் கோடரியும் ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கரிடமிருந்து வந்தவை என்று ரோமானியரே நம்பினார்கள். மத்திய இத்தாலியில் வெட்டுலோனியா என்ற பழைய எட்ருஸ்க நகரத்தின் கல்லறை ஒன்றில், இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இருபக்கக் கோடரி வைத்த சிறு கட்டு ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது. கல்லறையின் காலம் கி.மு. 7-ஆம் நூற்றாண்டு.

யார் யாரிடம் இம்பீரியம் இருந்தது?

கான்சல், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த பிரீட்டர், நெருக்கடிக் காலத்தில் நியமிக்கப்படும் டிக்டேட்டர், அவருடைய குதிரைப்படைத் தலைவர். பிறகு மாகாணங்கள் பெருகியபோது, கான்சலுக்கும் பிரீட்டருக்கும் பதிலாக அவற்றை ஆண்ட புரோகான்சல், புரோபிரீட்டர். கருவூலம் பார்த்த குவேஸ்டருக்குக் கிடையாது. குடிமக்களைக் கணக்கெடுத்த, மதிப்பில் எல்லோருக்கும் மேலே நின்ற சென்சாருக்கும் கிடையாது. மூத்தோர் அவையான செனட்டுக்கும் இல்லை என்பதுதான் பலருக்கு வியப்பு. செனட் அறிவுரை கூறும். கட்டளை இடுவது இம்பீரியம் உள்ளவர்.

தேர்தலில் வென்றால் மட்டும் போதாது. ‘கூரியா’ எனப்பட்ட 30 பழைய குடிப்பிரிவுகளின் அவை தனியாக ஒரு சட்டம் இயற்றி அதை உறுதிசெய்ய வேண்டும். குடியரசின் கடைசிக் காலத்தில் இது எப்படித் தேய்ந்தது என்றால், 30 பிரிவுகளுக்கும் பதிலாக 30 ஏவலர்கள் வந்து நின்றார்கள், காரியம் முடிந்தது. சடங்கை விடவும் மனமில்லை, நடத்தவும் ஆளில்லை.

சாலையில் போகிறவருக்கு இம்பீரியம் உண்டா என்று பொதுமக்கள் எப்படிக் கண்டுகொண்டார்கள்?

முன்னால் நடக்கும் லிக்டர்களை எண்ணினால் போதும். லிக்டர் என்பவர் அதிகாரியின் ஏவலர். வழிவிலக்குவார், கைது செய்வார், அடிப்பார். தோளில் ஃபாசெஸ் எனப்படும் பிரம்புக் கட்டு இருக்கும், சிவப்பு வாரால் கட்டியது. நகருக்கு வெளியே அதில் கோடரியும் செருகப்பட்டிருக்கும். கான்சலுக்கு 12 லிக்டர், மாகாணத்தில் பிரீட்டருக்கு 6, டிக்டேட்டருக்கு 24. பிரம்பு அடிக்க, கோடரி தலை வெட்ட. இந்த இரண்டும் தோளில் ஊர்வலமாக வரும்போது ஒருவரும் விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கான்சல்கள் இருவர் என்பதால் 24 கட்டுகள் ஒரே நேரத்தில் நகரில் அலையவில்லை. ஒரு மாதம் இவருக்கு, மறுமாதம் அவருக்கு என்று முறைவைத்துக்கொண்டார்கள்.

உறவு, வயது எல்லாம் இதன் முன் நிற்குமா?

நிற்காது. இதற்கு ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி சொல்லும் இரண்டு கதைகள் உண்டு.

முதலாவது கி.மு. 340. இலத்தீன் நகரங்களோடு போர். அணியை விட்டு விலகி யாரும் தனிச்சண்டை போடக்கூடாது என்று கான்சல் தீத்துஸ் மான்லியஸ் உத்தரவிட்டிருந்தார். அவர் மகன் எதிரி வீரன் ஒருவனின் ஏளனத்தைத் தாங்காமல் குதிரைமேல் சண்டையிட்டு, அவனைக் கொன்று, ஆயுதங்களைக் கழற்றிக்கொண்டு பெருமையோடு தந்தையிடம் வந்தான். கான்சல் படையைக் கூட்டி, எல்லோர் முன்னிலையிலும் லிக்டரைக் கொண்டு மகனின் தலையை வெட்டச் சொன்னார். ‘மான்லியஸ் கட்டளை’ என்பது கல்நெஞ்சக் கட்டளைக்குப் பழமொழியாகவே ஆயிற்று. மகன்மீதான பாசத்தை வென்ற தந்தை என்று ரோமானியர் கொண்டாடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஊர் திரும்பியபோது வரவேற்கப் போனவர்கள் முதியவர்கள் மட்டுமே. இளைஞர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள் என்கிறார் லிவி.

இரண்டாவது இதைவிட இதமானது. கி.மு. 213-ல் கான்சலாக இருந்தவர் ஃபாபியஸ். அவருடைய தந்தை, ரோமின் எதிரியான கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலைக் காலம் தாழ்த்தியே களைப்பாக்கிய புகழ்பெற்ற ஃபாபியஸ் மாக்சிமஸ். தந்தை மகனுக்குக் கீழ் துணைத்தளபதியாக முகாமுக்குக் குதிரையில் வந்தார். அந்தப் பெரியவரை இறங்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்? வரிசையில் நின்ற 11 லிக்டர்கள் பேசாமல் விட்டுவிட்டார்கள். அப்போது கான்சல் அருகில் இருந்த லிக்டரை ஏவினார். அவர் உரக்க, இறங்கும்படி சொன்னார். தந்தை குதித்திறங்கி, “நீ கான்சல் என்பது உனக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் வந்தேன், மகனே” என்றாராம்.

அப்படியானால் இது கட்டற்ற அதிகாரமா?

இல்லை. ரோமானியர் இம்பீரியத்தைக் குறைக்கவில்லை. அதைச் சுற்றி வேலி போட்டார்கள். காலம் ஒரு வேலி: கான்சலுக்கு ஓராண்டு, டிக்டேட்டருக்கு ஆறு மாதம். சம அதிகாரம் உள்ள இன்னொருவர் அடுத்த வேலி: ஒரு கான்சல் செய்வதை மற்றவர் தடுக்கலாம். இடம் மூன்றாவது: நகரின் புனித எல்லைக்கோடான ‘போமேரியம்’ உள்ளே படை அதிகாரம் செல்லாது, கோடரி கழற்றப்படும். மக்களிடம் முறையிடும் உரிமை நான்காவது.

இவை செலவில்லாத ஏற்பாடுகள் அல்ல. கி.மு. 216-ல் கன்னேயில் இரண்டு கான்சல்களும் ஒரே களத்தில் இருந்ததால், இன்று இவர், நாளை அவர் என்று தலைமை தினம் மாறியது. எமிலியஸ் பவுலஸ் பொறுக்கச் சொன்னார், தெரென்தியஸ் வர்ரோ தன் முறை வந்த அன்று படையை இறக்கினார் என்பது மரபு. ஹன்னிபால் அன்று கொன்றது லிவியின் கணக்கில் ஏறத்தாழ 48,000 பேரை. இவ்வளவு பட்டும் ரோமானியர் இருவர் முறையை விட்டுவிடவில்லை. ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுப்பதைவிட ஹன்னிபால் பரவாயில்லை என்று நினைத்தார்களோ என்னவோ.

மக்களிடம் முறையிடும் உரிமை என்றால்?

‘புரோவொகாட்டியோ’ என்று பெயர். நகருக்குள் ஓர் அதிகாரி தன்னை அடிக்கவோ கொல்லவோ உத்தரவிட்டால், குடிமகன் “மக்களிடம் முறையிடுகிறேன்” என்று குரல் கொடுக்கலாம். கி.மு. 300-ல் இயற்றிய வலேரியன் சட்டம் இதற்கு அடித்தளம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் போர்சியன் சட்டங்கள் பிரம்படிக்கு எதிரான பாதுகாப்பை விரிவாக்கின.

இது மீறப்பட்டதற்குப் பெயர்போன சாட்சியம் வெர்ரெஸ் வழக்கு. கி.மு. 73 முதல் 71 வரை சிசிலியை ஆண்ட வெர்ரெஸ், காவியஸ் என்ற குடிமகனை அடித்துச் சிலுவையில் ஏற்றினான். ஒவ்வோர் அடிக்கும் அவன் “நான் ரோமானியக் குடிமகன்” என்று மட்டுமே கத்தினான் என்று கி.மு. 70-ல் வழக்கு நடத்திய சொற்பொழிவாளர் சிசரோ எழுதினார். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்தக் காட்சியின் மறுபக்கம் தெரிந்திருக்கும். பிலிப்பு பட்டணத்தில் பவுலைப் பிரம்பால் அடித்துவிட்டு, அவர் ரோமானியக் குடிமகன் என்று தெரிந்ததும் அதிகாரிகள் பயந்துபோய் வந்து கெஞ்சினார்கள். மறுநாள் காலை செய்தி கொண்டுவந்த ‘சேவகர்’ கிரேக்க மூலத்தில் ‘பிரம்பேந்துவோர்’, அதாவது லிக்டர்கள். பிற்பாடு பவுல் “இராயனுக்கு அபயமிடுகிறேன்” என்றது அந்தப் பழைய உரிமையின் வாரிசு. மக்களின் இடத்தில் சீசர், அதாவது பேரரசர், உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான் மாற்றம்.

பொட்டெஸ்டாஸ், அக்டோரிட்டாஸ் என்று வேறு இரண்டு சொற்கள் வருகின்றனவே?

பொட்டெஸ்டாஸ் பதவியோடு வரும் சட்டபூர்வ அதிகாரம். சிறிய பெரிய எல்லாப் பதவிக்கும் ஓரளவு உண்டு. அதில் மிகப் பெரியது, படையோடு சேர்ந்தது இம்பீரியம். அக்டோரிட்டாஸ் பதவியால் வருவதில்லை. சொன்னால் கேட்பார்கள் என்ற செல்வாக்கு. செனட்டிடம் இருந்தது அதுதான். முதல் பேரரசர் அகஸ்டஸ் தன் சாதனைக் கல்வெட்டில், அக்டோரிட்டாஸில் எல்லோரையும் மிஞ்சினேன், பொட்டெஸ்டாஸில் என் சக அதிகாரிகளைவிட எனக்குக் கூடுதல் இல்லை என்று எழுதியிருக்கிறார். சாதுரியமான வாக்கியம். இம்பீரியத்தைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடுகிறார், பாருங்கள்.

மக்கள் டிரிபியூனுக்கு இம்பீரியம் இருந்ததா?

இல்லை. ஆனால் இம்பீரியத்தையே நிறுத்தும் சக்தி இருந்தது. பிளெபியன் எனப்பட்ட பொதுமக்கள், தங்கள் பிரதிநிதியான டிரிபியூன் உடல்மீது யாராவது கைவைத்தால் அவனைக் கொல்வோம் என்று சபதம் செய்துகொண்டார்கள். அந்தச் சபதத்தின் பலத்தில் டிரிபியூன் லிக்டருக்கும் குடிமகனுக்கும் நடுவே போய் நிற்கலாம், ‘வீட்டோ’ (தடுக்கிறேன்) என்று சொல்லலாம். நகரமும் அதைச் சுற்றி ஒரு மைலும்தான் அவருடைய எல்லை.

எல்லைக்கோட்டைத் தாண்டினால் உண்மையிலேயே அதிகாரம் போய்விடுமா?

போய்விடும். அதனால் நடந்த வேடிக்கைகள் நிறைய. வெற்றி ஊர்வலம் கேட்கும் தளபதி, செனட் அனுமதி தரும்வரை நகருக்கு வெளியே காத்துக்கிடக்க வேண்டும். உள்ளே காலடி வைத்தால் இம்பீரியம் போய், ஊர்வலமும் போச்சு.

கி.மு. 60-ல் ஜூலியஸ் சீசர் ஸ்பெயினிலிருந்து திரும்பி இப்படி வெளியே நின்றார். கான்சல் தேர்தலுக்கு நேரில் வந்து மனுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. வராமலே மனுச் செய்ய விலக்குக் கேட்டார். அவருடைய எதிரியான செனட்டர் கேட்டோ செனட்டில் எழுந்து பொழுது சாயும்வரை பேசியே அந்த நாளைக் கழித்துவிட்டார். சீசர் ஊர்வலத்தைத் துறந்து நகருக்குள் வந்தார், கான்சல் ஆனார். கேட்டோ அன்று ஊர்வலத்தை விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத வரலாற்று ஆசிரியர் இருக்க முடியாது.

சிசரோ கதை பரிதாபமானது. இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த கிலிக்கியா மாகாணத்தை ஆளப் போனவர் கி.மு. 51-ல் மலைவாசிகளோடு ஒரு சிறு போரில் வென்றார். வீரர்கள் ‘இம்பெரேட்டர்’ என்று முழங்கினார்கள். ஊர்வலக் கனவோடு கி.மு. 49 ஜனவரியில் ரோம் வாசலுக்கு வந்தபோது உள்நாட்டுப் போர் வெடித்தது. உள்ளே போகவும் முடியாமல், இம்பீரியத்தை விடவும் மனமில்லாமல், வெற்றிச் சின்னமான லாரல் இலை சுற்றிய ஃபாசெஸோடு லிக்டர்கள் முன்னே நடக்க அவர் அலைந்தார். ஊர்வலம் கடைசிவரை கிடைக்கவில்லை.

வேலிகள் ஏன் விழத் தொடங்கின?

நல்ல காரணத்துக்காகவே. கி.மு. 327-ல் கான்சல் புப்ளிலியஸ் ஃபிலோ நேப்பிள்ஸை முற்றுகையிட்டிருந்தபோது பதவிக்காலம் முடியவிருந்தது. பாதியில் ஆளை மாற்றினால் வேலை கெடும் என்று, பதவி முடிந்தாலும் ‘கான்சலுக்குப் பதிலாக’ அங்கேயே தொடரட்டும் என்றார்கள். இதுதான் முதல் நீட்டிப்பு. அதிகாரம் பதவியிலிருந்து கழன்றது அன்றுதான். கடல்கடந்த மாகாணங்கள் வந்தபின் நீட்டிப்பு வாடிக்கையாயிற்று.

கி.மு. 67-ல் கடற்கொள்ளையரால் தானியக் கப்பல்கள் வராமல் ரோம் தவித்தது. கபினியன் சட்டம் தளபதி பாம்பிக்கு மத்தியதரைக்கடல் முழுவதிலும், கரையிலிருந்து 50 மைல் உள்நாடு வரையிலும் மூன்று ஆண்டுகளுக்கு இம்பீரியம் கொடுத்தது. மூன்றே மாதத்தில் அவர் கடலைத் துடைத்துவிட்டார். இவ்வளவு பெரிய அதிகாரம் இவ்வளவு நன்றாக வேலை செய்ததுதான் குடியரசுக்கு நேர்ந்த கேடு என்பேன். பிறகு கி.மு. 55 முதல் ஸ்பெயினின் இம்பீரியத்தை வைத்துக்கொண்டு, ஸ்பெயினுக்கே போகாமல், துணையதிகாரிகளை அனுப்பிவிட்டு ரோம் பக்கத்திலேயே இருந்தார்.

தளபதி சுல்லா கி.மு. 88-ல் படையோடு ரோமுக்குள் நுழைந்தார், கி.மு. 82-ல் காலவரம்பில்லாத டிக்டேட்டர் ஆனார், பிறகு தானே விலகினார். சீசர் விலகவில்லை. அதிகாரம் உள்ளவரை அவர்மீது வழக்குப் போட முடியாது. அது முடிந்த மறுநாள் நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்று கேட்டோ மிரட்டிக்கொண்டே இருந்தார். கி.மு. 49-ல் இத்தாலியின் எல்லையான ரூபிகான் ஆற்றைச் சீசர் படையோடு தாண்டியதில் இந்தக் கணக்கும் உண்டு. கி.மு. 44-ல் ‘நிரந்தர டிக்டேட்டர்’ ஆனார். அதே ஆண்டு அவர் கொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரியும்.

அகஸ்டஸ் புதிதாக என்ன செய்தார்?

டிக்டேட்டர் பதவியைத் தொடவே இல்லை. பழைய துண்டுகளைப் புதிய விதத்தில் தைத்தார். கி.மு. 27-ல் படைகள் நிறைந்த மாகாணங்களைப் பத்தாண்டுக்குப் பெற்றுக்கொண்டு, பாம்பியின் வழியில் துணையதிகாரிகளைக் கொண்டு ஆண்டார். கி.மு. 23-ல் கான்சல் பதவியை விட்டார். பதிலுக்கு, மற்ற ஆளுநர்களுடையதைவிட மேலான இம்பீரியமும், நகர எல்லைக்குள் நுழைந்தாலும் அது காலாவதி ஆகாது என்ற சலுகையும், டிரிபியூனின் அதிகாரமும் கிடைத்தன. காலம், இடம், சக அதிகாரி, மக்கள் முறையீடு என்ற நான்கு வேலியும் அப்போது ஒரே ஆளின் கையில். செனட் கூடியது, கான்சல் தேர்தல் நடந்தது, லிக்டர்கள் நடந்தார்கள். வெளியே பார்த்தால் எதுவும் மாறவில்லை.

பேரரசரின் அதிகாரம் எங்காவது எழுத்தில் உண்டா?

உண்டு. ரோமின் கப்பித்தோலினே அருங்காட்சியகத்தில் பெரிய வெண்கலப் பலகை ஒன்று நிற்கிறது. வெஸ்பாசியன் கி.பி. 69-ல் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு அதிகாரம் அளித்த சட்டத்தின் கடைசிப் பகுதி அது. உடன்படிக்கை செய்யலாம், செனட்டைக் கூட்டலாம், போமேரியத்தை விரிவாக்கலாம். நாட்டுக்கு நல்லது என்று அவர் கருதும் எதையும், அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் செய்ததுபோலவே செய்யலாம். பெயர்கெட்ட காலிகுலா, நீரோ பெயர்கள் மட்டும் கவனமாக விடுபட்டிருக்கின்றன.

1347-ல் கோலா தி ரியென்சோ என்ற ரோமானிய அரசியல்வாதி இந்தப் பலகையை லாத்தரன் பேராலயத்தில் காட்சிக்கு வைத்து, பேரரசனுக்கு அதிகாரம் கொடுத்தது ரோம் மக்கள்தான் என்று முழங்கினார். வாதம் சரி. ஆனால் ‘போமேரியம்’ என்பதைப் ‘பழத்தோட்டம்’ என்று வாசித்து, ரோமின் தோட்டமான இத்தாலி என்று விளக்கினார்!

பிற்காலச் சட்ட அறிஞர் உல்பியனின் வரி இன்னும் பிரபலம்: பேரரசர் விரும்பியது சட்டத்தின் வலிமை பெறும், ஏனெனில் மக்கள் தம் இம்பீரியம் முழுவதையும் சட்டத்தின் மூலம் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். முதல் பாதியை மன்னர்களின் வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாம் பாதியை மன்னர்களை எதிர்த்தவர்கள்.

‘இம்பெரேட்டர்’ எப்படிப் பேரரசரின் பெயரானது?

முதலில் அது போர்க்களத்தில் வீரர்கள் தரும் பாராட்டு. அகஸ்டஸ் அந்தச் சொல்லைத் தன் பெயரின் முதல் உறுப்பாகவே மாற்றிக்கொண்டார். 21 முறை அவ்வாறு வாழ்த்தப்பட்டதாகவும் எழுதினார். கிளாடியஸ் 27 முறை.

இந்த எண்ணிக்கையை நம் மண்ணில் கிடைத்த பொருளிலும் பார்க்கலாம். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையான 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. கிளாடியஸ் காசுகளின் விளிம்பில் வழக்கமாக ‘இம்ப்’ என்ற சுருக்கமும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அதுவரை எத்தனை முறை வீரர்கள் வாழ்த்தினார்கள் என்பது அது. புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மீது உளியால் ஒரு வெட்டு. இங்கே செல்லுபடியானது தங்கத்தின் எடை, இம்பீரியம் அல்ல.

சரி, ‘பேரரசு’ என்ற பொருள் எப்போது வந்தது?

மெதுவாக. கி.மு. முதல் நூற்றாண்டில் ‘ரோம் மக்களின் இம்பீரியம்’ என்ற தொடர் ரோமின் கட்டளை செல்லுபடியாகும் தன்மையைக் குறித்தது. அகஸ்டஸ் காலத்தில் வர்ஜில் தன் காவியத்தில் ஜூபிட்டர் ரோமானியருக்கு ‘முடிவில்லாத இம்பீரியம்’ தந்ததாகப் பாடும்போது, அதிகாரமா நிலமா என்று பிரித்துச் சொல்வது கடினம். கி.பி. முதல் நூற்றாண்டு எழுத்துகளில் இம்பீரியத்துக்கு எல்லைகள், ஆறுகள், ஓரங்கள் வந்துவிடுகின்றன. கட்டளையிடும் ஆள் ஒருவரே என்றானபின், அந்தக் கட்டளை எட்டும் இடம்தானே கண்ணுக்குத் தெரியும்?

நிலம் முழுவதும் பேரரசருக்குச் சொந்தம் என்று பொருளா?

இல்லை. சொத்துரிமைக்கு ‘டொமினியம்’ என்று வேறு சொல். மன்னன் எல்லாவற்றையும் இம்பீரியத்தால் கொண்டிருக்கிறான், தனிமனிதர்கள் டொமினியத்தால் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா ஒரே வரியில் பிரித்தார்.

ரோம் விழுந்தபின் சொல் என்ன ஆயிற்று?

கி.பி. 800 கிறிஸ்துமஸ் அன்று போப் மூன்றாம் லியோ ஃபிராங்கிய மன்னர் சார்லமேனுக்குப் பேரரசராக முடிசூட்டியபோது சொல் மறுபடி எழுந்தது. 12-ஆம் நூற்றாண்டில் பொலோன்யா சட்டப் பள்ளியில் இன்னொரு சண்டை. மரண தண்டனை விதிக்கும் அதிகாரத்தை உல்பியன் ‘தூய இம்பீரியம்’ என்றிருந்தார். அது பேரரசருக்கு மட்டும் உரியதா, கீழ் அதிகாரிகளுக்கும் உண்டா? பேரரசர் ஆறாம் ஹென்றி குதிரைச் சவாரியின்போது உடன்வந்த இரு அறிஞர்களிடம் கேட்டாராம். லோத்தார், “உங்களுக்கு மட்டும்” என்றார். அசோ, “மற்றவர்களுக்கும் உண்டு, உங்களுடையது பெரிது” என்றார். லோத்தாருக்கு ஒரு குதிரை பரிசு. இலத்தீனில் குதிரைக்கும் நியாயத்துக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. நியாயத்தைச் சொன்னதால் குதிரை போயிற்று என்று அசோ பிற்பாடு சிலேடையாக எழுதினார்.

1533-ல் எட்டாம் ஹென்றியின் சட்டம் “இங்கிலாந்து ஓர் எம்பயர்” என்று அறிவித்தது. அப்போது இங்கிலாந்துக்குக் கடல்கடந்த பெரிய நாடுகள் கிடையாது. எங்களுக்கு மேலே போப் உட்பட யாரும் இல்லை, மேல்முறையீடு ரோமுக்குப் போகாது என்பதே அதன் பொருள்.

நம் பக்கத்தில் இந்தச் சொல் வந்த தடம் ஏதாவது?

காசில் வந்தது. விக்டோரியா 1876-ன் சட்டத்தால் ‘இந்தியப் பேரரசி’ ஆனார். 1877 ஜனவரி 1-ல் டெல்லி தர்பாரில் அறிவித்தார்கள். 1893 முதல் பிரிட்டிஷ் காசுகளில் ‘இண்ட் இம்ப்’ என்ற இலத்தீன் சுருக்கம் ஏறியது. இலங்கைச் சதங்களில் ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் ‘அரசரும் இந்தியப் பேரரசரும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தார்கள். 1948 ஜூனில் அந்தப் பட்டம் கைவிடப்பட்டது, 1949 முதல் பிரிட்டிஷ் காசிலும் இல்லை. இம்பீரியல் பேங்க்கைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: பேங்க் ஆஃப் மெட்ராஸ் உட்பட மூன்று வங்கிகள் 1921-ல் சேர்ந்து உருவானது, 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆனது.

ஃபாசிசத்துக்கும் ஃபாசெஸுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இத்தாலியனில் ‘ஃபாஷியோ’ என்றால் கட்டு. அரசியல் குழுக்களும் அப்படிப் பெயர் வைத்துக்கொண்டன. முசோலினி 1919-ல் அமைத்த குழு அதே சொல்லை எடுத்தது, பிறகு ரோமானியக் கோடரிக் கட்டையே சின்னமாக்கியது. அதற்கு முன்பே குடியரசு ஒற்றுமையின் சின்னமாகவும் அது உலவியது. வாஷிங்டனில் லிங்கன் சிலையின் நாற்காலிக் கைகளில் அதை இப்போதும் பார்க்கலாம்.

இன்று எந்தச் சட்டத்திலாவது இம்பீரியம் உயிரோடு இருக்கிறதா?

வெளிநாட்டு அரசுமீது வழக்குப் போடுபவர்கள் முதலில் மோதிக்கொள்வது இதனோடுதான். ஓர் அரசு ‘இம்பீரியத்தின் பேரில்’ செய்த செயலுக்காக வேறு நாட்டு நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. வணிகம்போலச் செய்தது என்றால் விசாரிக்கலாம். 1977-ல் நைஜீரிய மத்திய வங்கிமீதான வழக்கு இதற்குப் பாடநூல் உதாரணம். சிமெண்ட் வாங்கக் கொடுத்த கடனுறுதிக் கடிதத்துக்குப் பணம் தரவில்லை. சிமெண்ட் ராணுவக் குடியிருப்புக்குத்தான் என்றாலும், சிமெண்ட் வாங்குவது வணிகமே என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பாதுகாப்பை மறுத்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படையால் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களும், கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தாரும் இத்தாலிய நீதிமன்றங்களில் இழப்பீடு கேட்டு வென்றார்கள். ஜெர்மனி ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 பிப்ரவரி 3-ல் தீர்ப்பு: ஒரு நாட்டின் படை செய்தது இம்பீரியத்தின் பேரில் செய்த செயலே, அது எவ்வளவு கொடிய குற்றமானாலும் வேறு நாட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. 12 நீதிபதிகள் ஜெர்மனிக்கு ஆதரவாகவும் மூவர் எதிராகவும் வாக்களித்தார்கள்.